பெற்றோரே, விழிப்புடன் இருப்பீர்

ஜூன் 12

ஈரோட்டில் மூன்று நாள் பயிற்சி முடிந்து இன்று பள்ளிக்குத் திரும்பினேன். ‘பாடந்தோறும் வாசிப்பு’ என்பது பயிற்சியின் பெயர். வாசிக்கக் கற்றுக்கொடுப்பது தமிழாசிரியரின் வேலை மட்டும் அல்லவாம். கணக்கு வகுப்பில் வரைபடத்தை வாசிக்க வேண்டும், அறிவியலில் ஆய்வக அறிக்கையை, என் சமூக அறிவியலில் நிலப்படத்தையும் செய்தித்தாளையும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கையில் இருக்கும் போனை வாசிக்கக் கற்றுத் தர வேண்டும். பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் பணிக்காலம்தான் வயது, இருபத்தாறு. இருந்தாலும் குறை சொல்ல முடியாது. அறுபது பேரில் குறிப்பெடுத்தவர்கள் நான்கு பேர். அதில் நான் ஒருவன்.

தலைமையாசிரியை வளர்மதி அம்மா என்னையே ஒருங்கிணைப்பாளராகப் போட்டுவிட்டார். “உங்கள விட்டா யாருங்க சார் பொறுப்பா செய்வாங்க?” என்றார். உண்மைதான்.

மாணவர்களுக்காக நான்கு கேள்விகள் வடித்திருக்கிறேன். யார் சொல்கிறார்? எப்போது சொன்னார்? எதை வைத்துச் சொல்கிறார்? வேறு யாரும் சொல்கிறார்களா? எந்தச் செய்தி வந்தாலும் இந்த நான்கையும் கேட்காமல் நம்பக் கூடாது, பிறருக்கு அனுப்பவும் கூடாது.

ஜூன் 16

ஆசிரியர் கூட்டம். எதிர்பார்த்த முணுமுணுப்பு. உடற்கல்வி ஆசிரியர் தங்கராசு, “கபடிக் கோட்டுல எதையுங்க சார் வாசிக்கறது?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். விதிப் புத்தகத்தை என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

கணக்கு ஆசிரியை எஸ்தர் மட்டும் சிரிக்காமல் ஒன்று கேட்டார். “இந்த நாலு கேள்வியும் பசங்களுக்கு மட்டுமா சார், நமக்கும் சேர்த்துங்களா?” எஸ்தர் பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகிறது. நமக்கு அனுபவம் இருக்கிறது என்று பக்குவமாக விளக்கினேன்.

ஜூன் 20

கேள்விகளை அச்சடித்துப் பதினான்கு அறைகளிலும் ஒட்டினோம். அச்சகத்தில் ‘எதை வைத்து சொல்கிறார்’ என்று ஒற்றை விழுங்கிவிட்டார்கள். பதினான்கிலும் கறுப்பு மையால் ‘ச்’ சேர்த்தேன். சோற்றில் கல் கிடந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஒற்றுப்பிழை மட்டும் எனக்கு ஆகாது.

ஜூன் 27

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் எஸ்தரின் பாடவேளையைப் பார்வையிட்டேன். செய்தித்தாளில் வந்த ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரத்தைப் பலகையில் ஒட்டியிருந்தார். இரண்டு பட்டைகள். மற்ற மையங்களின் மதிப்பெண் குட்டை, இவர்களுடையது இரண்டு மடங்கு உயரம். நான் பார்த்தவுடன், பரவாயில்லையே, நல்ல மையம்போல என்று நினைத்தேன்.

ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், கீழ சைபர்ல ஆரம்பிக்கலீங்க. தொண்ணூறுல ஆரம்பிச்சிருக்காங்க. அதான் ரெண்டு மடங்காட்டத் தெரியுது. நெசத்துல வித்தியாசம் நாலு மார்க்குத்தானுங்க.”

கோகிலவாணி என்று பெயர். பள்ளி வாசலில் மாங்காய்ப் பத்தை, நெல்லிக்காய், கொய்யா விற்கும் துளசிமணியின் மகள். தகப்பன் இல்லை. அந்தக் கூடையில்தான் வீடு ஓடுகிறது.

கோப்பில், ‘ஒருங்கிணைப்பாளரின் வழிகாட்டுதலில் சிறப்பாக நடைபெற்றது’ என்று பதிவு செய்தேன்.

ஜூலை 3

காலையில் தண்ணீர் வரவில்லை. மோட்டார்க்காரரை அழைத்தால் நாளை என்கிறார். மிக்ஸி ஜாரைப் பழுது பார்க்கக் கொடுத்தேன்.

ஆறு மணிக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான காலை வணக்கப் படத்தோடு ஒரு பொதுநலச் செய்தியும் போட்டேன். மைத்துனர் அனுப்பியது. பிழை மலிந்து கிடந்தது. எல்லாவற்றையும் திருத்தி, முடிவில் நம் ஊருக்குப் பொருந்தும்படி ஒரு வரி சேர்த்தேன். எட்டு மணிக்குள் நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். பொறுப்பான ஆள் ஒருவர் குழுவில் இருப்பது நல்லதுதான்.

மூன்றாம் பாடவேளையில் ஒன்பது ஆ பிரிவில் நான்காவது கேள்வியை நடத்தினேன். மணி அடித்துவிட்டது. நாளை தொடர வேண்டும்.

ஜூலை 4

தொடர முடியவில்லை.

காலை எட்டரைக்கே வாசலில் இருபது முப்பது பெற்றோர். நடுவில் துளசிமணி. மிளகாய்த் தூளில் போதைப் பொடி கலந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாள் என்று ஒரே கூச்சல். “நானே திங்கறனுங்க, என்ற புள்ளயும் இதத்தானுங்க திங்குது” என்று துளசிமணி ஒரு பிடித் தூளை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வழிய நின்றார். யாரோ கூடையை எட்டி உதைத்தார்கள். பத்தைகள் சாக்கடை ஓரம் வரை சிதறின. பிறகு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து தூளைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை வாசலில் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் முன்னே போய், “பொறுமையா இருங்க, விசாரிக்கிறோம்” என்றேன். ஒருவர் போனை உயர்த்திக் காட்டி, “என்னத்தங்க விசாரிக்கறது? படிச்சவங்களே போட்டிருக்காங்க” என்றார். யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எதைத்தான் நம்புவது என்ற வரைமுறையே மக்களுக்கு இல்லாமல் போய்விட்டது. இதற்குத்தான் வாசிப்புத் திறன் வேண்டும் என்பது.

மாலையில் போனில் இடம் குறைவாக இருந்ததால் சில செய்திகளை அழித்தேன்.

ஜூலை 5

மனைவி மரகதம் இன்று என்னோடு சரியாகப் பேசவில்லை. தலைவலியாக இருக்கும். அவளும் பெற்றோர் குழுவில் இருக்கிறாள்.

ஜூலை 9

கோகிலவாணி மூன்றாவது நாளாக வரவில்லை. பரிசோதனை முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம்.

மோட்டார் சரியாகிவிட்டது.

ஜூலை 11

கோகிலவாணி வந்தாள். முதல் பெஞ்சில் இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை. பின்னாலிருந்து “பவுடரு” என்று ஒரு குரல். நான் கடுமையாகக் கண்டித்தேன். ஒரு செய்தியை ஆராயாமல் நம்பி ஒரு குடும்பத்தைப் புண்படுத்துவது எவ்வளவு பெரிய தவறு என்று பத்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். கோகிலவாணி தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14

ஆகஸ்ட் 8 அன்று பள்ளியில் கண்காட்சி. கல்வி அதிகாரி வருகிறார். ஏரிகள் பற்றி ஒரு மாதிரி செய்யலாம் என்று நான் யோசித்து வைத்திருந்தேன். எஸ்தர், “மாங்காய்ச் செய்தி எங்கிருந்து வந்துச்சுன்னு பசங்களே கண்டுபுடிக்கட்டுமே சார். எல்லாப் பாடமும் அதுல வரும். உங்க நாலு கேள்விதான்” என்றார்.

பிள்ளைகள் மனம் நோகும், விஷயம் இப்போதுதான் அடங்குகிறது என்றேன். வளர்மதி அம்மா, “அட, ரொம்ப நல்லாருக்குதே! நாச்சிமுத்து சார் கேள்விய வெச்சே நாச்சிமுத்து சார் மேற்பார்வையில செய்யட்டும்” என்று முடித்துவிட்டார். என்னிடம்தான் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன்.

ஜூலை 21

பிள்ளைகள் அசுர வேகத்தில் போகிறார்கள். செய்தியில் இருந்த மயங்கிக் கிடக்கும் பிள்ளைகளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில், சுவரில் தெலுங்கு எழுத்து தெரிகிறது. தெலுங்கு பேசும் வீட்டுப் பையன் ஒருவன் தன் பெரியப்பாவிடம் காட்டி வாசித்து வந்தான். அதை இணையத்தில் தேடினால், ஏழு வருடத்துக்கு முன்னால் வேறு மாநிலத்தில் ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டுப்போன சம்பவமாம். கணக்கு வகுப்பில் பார்த்ததில், முந்நூறு பிள்ளைகள் மயங்கினார்கள் என்று செய்தி சொல்லும் பள்ளியில் மொத்தமே நூற்று எண்பது பேர். எச்சரித்ததாகச் சொல்லப்படும் மருத்துவர் எங்குமே இல்லை.

இப்படி மூன்று கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. ‘யார் சொல்கிறார்’ என்பது மட்டும் பாக்கி. அது தேவையில்லாத வேலை, மூலம் பொய் என்று நிரூபித்ததே போதும் என்று சொல்லிப் பார்த்தேன். “மொதல் கேள்விய விட்டுட்டா எப்படீங்க சார்?” என்றாள் கோகிலவாணி.

ஜூலை 25

ஆய்வக அறிக்கை வந்தது. மிளகாய்த் தூள், உப்பு. வேறு எதுவும் இல்லை. அறிவியல் வகுப்பில் அதை வரி வரியாக வாசித்தார்கள். ‘பவுடரு’ என்று கூப்பிட்ட பையன்தான் வாசித்தானாம். துளசிமணிக்கும் தகவல் போயிற்று. ஆனால் அவர் கடை போட வரவில்லை. வந்தால் யார் வாங்குவார்கள்? கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறாராம்.

ஜூலை 28

எழுதச் சிரமமாக இருக்கிறது. சளி.

இன்று பிள்ளைகள் இரண்டு தாள்களைப் அருகருகே ஒட்டினார்கள். ஒன்று, வெளியூர்களில் சுற்றிய செய்தி. மற்றொன்று, நம் ஊரில் சுற்றிய செய்தி. தமிழாசிரியை இரண்டையும் ஒப்பிடச் சொல்லியிருக்கிறார். வெளியூர்ச் செய்தியில் பதினொரு ஒற்றுப்பிழைகள். நம் ஊர்ச் செய்தியில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு வரி மட்டும் கூடுதலாக இருக்கிறது. பிள்ளைகள் அதைச் சிவப்பு மையால் கட்டம் கட்டியிருந்தார்கள்.

‘நம் பள்ளி வாசலிலும் மாங்காய் விற்கப்படுகிறது. பெற்றோரே, விழிப்புடன் இருப்பீர்.’

“இந்த வரி இல்லீன்னா எங்கம்மா பக்கம் யாருமே வந்திருக்க மாட்டாங்க சார்” என்றாள் கோகிலவாணி. கோபமாகச் சொல்லவில்லை. கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

தமிழாசிரியை என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

ஜூலை 30

கஷாயம் குடித்தேன்.

ஆகஸ்ட் 6

வட்டங்களும் அம்புக்குறிகளுமாக ஒரு பெரிய படம் வரைந்திருக்கிறார்கள். யாரிடமிருந்து யாருக்குச் செய்தி போனது என்று அறுபது வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். எல்லா அம்புகளும் பின்னோக்கிப் போய்ப் பெற்றோர் குழுவில் ஜூலை 3 காலை ஆறு மணியில் முட்டுகின்றன. அந்த இடத்தில் குழுவில் இப்போது ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கிறது. அதன்மேல் அனுப்பியவரின் பெயர் இருக்கிறது. செய்தி அழிந்தாலும் பெயர் அழியாது என்பது எனக்குத் தெரியாது. பயிற்சியில் சொல்லவில்லை.

மாலை எல்லோரும் போன பிறகு கோகிலவாணி படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். விரித்தாள். கடைசி வட்டம் காலியாக இருந்தது.

“இதுல பேரு போடணுங்களா சார்?”

“மத்தவங்களுக்குத் தெரியுமா?”

“எஸ்தர் டீச்சருக்குத் தெரியும். நீயே சார்கிட்டக் கேட்டுக்கோன்னுட்டாங்க. எங்கம்மாவுக்குச் சொல்லலீங்க. உங்க மேல ரொம்ப மரியாத வெச்சிருக்குது.”

நான் கண்ணாடியைத் துடைத்தேன். உன் விருப்பம்போல் செய் என்றேன். அவள் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 8

கண்காட்சி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதிகாரி படத்தின் முன் வெகுநேரம் நின்றார். வட்டம் காலியாகவே இருந்தது. “இதுல யாரும்மா?” என்று கேட்டார். கோகிலவாணி, “மொதல் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரலீங்க சார்” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காப்பாற்றுகிறாள் என்று புரிந்தது. பதினான்கு வயதுப் பெண், தன் தாயின் கூடையை உதைக்க வைத்த ஆளைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள்.

“நான்தான் சார்” என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “அந்தச் செய்தியைக் குழுவில் போட்டது நான்.”

அதிகாரி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “ஓ! பசங்க கண்டுபிடிக்கிறாங்களான்னு பார்க்க நீங்களே ஒரு பொய்ச் செய்திய விட்டுப் பார்த்தீங்களா? பிரமாதம் சார்! இந்த மாதிரி செயல்வழிக் கற்பித்தல் நான் எங்கயும் பார்த்ததில்ல.” கை குலுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். வளர்மதி அம்மாதான் பலமாகத் தட்டினார்.

இல்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அடுத்த அரங்குக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடிச் சொல்லியிருக்கலாம். ஓடவில்லை.

கோகிலவாணி படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 9

காலையில் மரகதம் காப்பியை வைத்துவிட்டு நின்றாள்.

“ஏனுங்க, கை தட்டுனாங்களாமா?”

“ஆமாம்.”

“அந்தம்மா வூடு தண்ணித் தொட்டி சந்துல மூணாவது வூடு. போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. அப்பறம் வந்து சாப்பிடலாம்.” அவளுக்கு ஒரு மாதமாக இருந்தது தலைவலி இல்லை. ஜூலை 5-ம் தேதியே எனக்கு அது தெரியும்.

துளசிமணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். செய்தி எங்கிருந்து வந்தது, என்ன திருத்தினேன், எந்த வரியைச் சேர்த்தேன், எல்லாம்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “எப்பத் தெரியும்ங்க உங்களுக்கு, இது உங்களால வந்ததுன்னு?” என்று மட்டும் கேட்டார்.

“மொதல் நாளே.”

“மொத நாளேங்களா?” துடைத்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். “தெரியாம அனுப்பிப்போட்டீங்க, அது ஆருக்கும் நடக்கறதுதானுங்க. ஆனா கூடைய எத்துனப்ப நீங்க அங்கதான நின்னீங்க. அன்னீலிருந்து என்ற புள்ளையத் தெனமும் கிளாஸ்ல பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“எங்கிட்டச் சொல்லி என்னுங்க ஆவுது சார்? நான் அந்தச் சேதிய நம்புலியே. நம்புனவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.”

உள்ளே கோகிலவாணி பாடம் படித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது.

ஆகஸ்ட் 12

பாராட்டுச் சான்றிதழ் வந்தது. ‘புதுமையான முறையில் கற்பித்தமைக்காக.’ என் பெயரில் முன்னெழுத்து தவறு. திருத்தத் தோன்றவில்லை.

வளர்மதி அம்மாவிடம் போய், இதைத் திருப்பி அனுப்ப வேண்டும், பெற்றோர் குழுவில் உண்மையை எழுதப் போகிறேன் என்றேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“சார், ஸ்கூலுக்கு இப்பத்தான் ஒரு நல்ல பேரு வந்திருக்குது. அதிகாரியே எழுதிக் குடுத்துட்டாரு. அவரு எழுதுனது தப்புன்னு நாம சொல்ல முடியுங்களா? சும்மா இருங்க. அந்தம்மாவுக்கு வேற எதாச்சும் செய்யலாம்.”

ஆகஸ்ட் 13

குழுவில் எழுதிவிட்டேன். ஆய்வக அறிக்கையையும் சேர்த்துப் போட்டேன். போடுவதற்கு முன் எஸ்தரிடம் காட்டினேன். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்தேன். “தானா நேர்ந்துச்சுங்களா சார்?” என்றார். ‘தவறு செய்துவிட்டேன்’ என்று மாற்றினேன்.

மாலை வரை கைகூப்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மரகதம்.

ஆகஸ்ட் 18

பள்ளியின் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும் செய்தியைப் பொதுவெளியில் பரப்பியதற்காக விளக்கம் கேட்டு வளர்மதி அம்மாவிடமிருந்து எனக்குக் குறிப்பாணை. எந்தச் செய்தி என்று வாசித்தேன். மாங்காய்ச் செய்தி அல்ல. ஆகஸ்ட் 13 செய்தி. அதற்குச் சான்றிதழ், இதற்குக் குறிப்பாணை. இரண்டையும் ஒரே உறையில் போட்டு, விளக்கத்தோடு அதிகாரிக்கு அனுப்பினேன்.

ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு இனி எஸ்தருக்கு. கோப்பைக் கொடுக்கும்போது, ‘ஒருங்கிணைப்பாளரின் வழிகாட்டுதலில்’ என்று எழுதிய இடங்களை அடித்து, செய்தவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஐந்து பக்கம் ஆயிற்று.

ஆகஸ்ட் 22

குழுவில் போட்டதைப் பாதிப்பேர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பொய்க்கு இருந்த கால் இதற்கு இல்லை. அதனால் நானே நடக்கிறேன். பிள்ளைகள் எடுத்த அறுபது வீட்டுப் பட்டியலை எஸ்தரிடம் கேட்டு வாங்கினேன். பள்ளி விட்டதும் அறிக்கையின் நகலோடு நான்கைந்து வீடுகள். சிலர் உட்கார வைத்துக் கேட்கிறார்கள். சிலர் வாசலிலேயே, “சரிங்க சார், பாத்துக்கலாம்” என்கிறார்கள். ஒரு தாய் அழுதுவிட்டார். கூடையை உதைத்தது அவர் கணவராம்.

ஆகஸ்ட் 29

துளசிமணி திங்கட்கிழமை கடை போடப் போவதாகத் தங்கராசு சொன்னார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. கோகிலவாணி வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்கிறாள். வணக்கம் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

ஆகஸ்ட் 30

சனிக்கிழமை. காலையிலேயே கிளம்பினேன். முப்பத்தேழாவது வீடு விசைத்தறி வைத்திருப்பவர். மகன் ஏழாம் வகுப்பு. என்னை முன்பின் பார்த்ததில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்து அறிக்கையை முழுவதும் வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இதெல்லாம் எப்ப வேணா எப்படி வேணா எழுதி வாங்கிக்கலாமுங்க. எங்களுக்கு அந்தச் சேதியப் போட்டது பெரிய வாத்தியாருங்க, நாச்சிமுத்துன்னு. அவரு தீர விசாரிக்காமப் போட மாட்டாரு.”

“அந்த நாச்சிமுத்து நான்தானுங்க” என்றேன். “விசாரிக்கல. வந்ததைப் பிழை மட்டும் திருத்திப் போட்டுட்டேன். கடைசி வரிய நானே எழுதினேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியை என் அருகில் இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இப்படிச் சொல்லச் சொல்லி யாரு சார் உங்கள மெரட்டறாங்க? பயப்படாமச் சொல்லுங்க. நாங்க இருக்கறோம்.”

நான் உட்கார்ந்தேன். மைத்துனர் அனுப்பிய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். திங்கட்கிழமைக்குள் இன்னும் இருபத்து மூன்று வீடுகள் இருக்கின்றன.